உப்புக் காற்றில் எந்தப் பசை நிற்கும்? படகுப் பழுதுக்கான ஒட்டுப்பொருள்கள் குறித்து ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி ஆகிய ஊர்களின் விசைப்படகுகள் பெரும்பாலும் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன. தடைக்குள் வராத நாட்டுப்படகுகளும் ஃபைபர் வள்ளங்களும், காற்று பலத்துத் தொழிலுக்குப் போக முடியாத நாட்களில், கிடைத்த இடைவெளிக்குள் சீர்செய்யப்படுகின்றன. இரண்டிலும் படகின் உரிமையாளர் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. அணியத்தில் (படகின் முன்பகுதியில்) விழுந்த விரிசலையோ, அடிப்பலகையிலிருந்து உரிந்து நிற்கும் ஃபைபர் போர்வையையோ சரிசெய்ய வழக்கமான பாலியஸ்டர் ரெசினே போதுமா, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள எபாக்சியை வாங்க வேண்டுமா, குழாயில் அடைத்து வரும் பாலியூரித்தேன் உதவுமா, தச்சுக்கடையின் வெள்ளைப் பசையை நம்பலாமா என்பதே அந்த முடிவு.

கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘எது ஸ்ட்ராங்?’ என்பதுதான். அந்தக் கேள்வியால் அதிகப் பயன் இல்லை. முறைப்படி இறுகிய நல்ல பசை எதுவாக இருந்தாலும், படகின் பெரும்பாலான இணைப்புகளுக்குத் தேவையான வலிமை அதனிடம் உண்டு. தோற்றுப்போகும் ஒட்டுகளில் பெரும்பாலானவை வலிமை போதாமல் தோற்பதில்லை, முறைப்படி இறுகாமலோ பரப்பைப் பற்றாமலோ தோற்கின்றன. ஆகவே ஒரு பசை எந்த வழியில் இறுகுகிறது, அதற்கு எதை எதிர்பார்க்கிறது, அந்த எதிர்பார்ப்பை நம் கரையின் வெயிலும் ஈரமும் உப்பும் நிறைவேற்றுமா கெடுக்குமா என்று பார்ப்பதே தேர்வுக்கு உதவும் வழி என்பது என் கருத்து.

முதலில் பற்றுதலைப் பார்ப்போம். இரண்டு பரப்புகளை இணைக்கும் பசை, ஏதோ ஒரு கட்டத்தில் நீர்மமாக இருந்து, பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ஓடிப் படர வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் விசை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் பயனுள்ளதாக இருக்கிறது. கண்ணுக்கு ‘ஒட்டி’ இருப்பதாகத் தோன்றும் இடைவெளியெல்லாம் அந்த விசைக்கு மிகப் பெரிய தூரம். நீர்மம் படர்வதற்கு, அதன் பரப்பு இழுவிசையைவிடத் திண்மப் பரப்பின் ஆற்றல் கூடுதலாக இருக்க வேண்டும். எபாக்சியின் இழுவிசை மீட்டருக்கு 40 மில்லிநியூட்டனுக்குச் சற்று மேல்; பாலிஎத்திலீனின் பரப்பாற்றலோ ஏறத்தாழ 31 மட்டுமே. எனவே, பாலிஎத்திலீனாலான பிளாஸ்டிக் மிதவைகளிலும் நீலப் பீப்பாய்களிலும் எபாக்சி தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு நிற்கிறது; இறுகிய பின் நகத்தால் நெம்பினால் தகடாகப் பெயர்ந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட பீப்பாய்க்கு எந்த ரெசினையும் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம், அதைச் சூடாக்கி உருக்கி இணைப்பதே வழி. மரம், கண்ணாடி இழை, உலோகம் ஆகியவற்றின் பரப்பாற்றல் போதுமான அளவு உயர்ந்தது. ஆனால் அவை சுத்தமாக இருந்தால் மட்டுமே அது உண்மை.

இந்தச் ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு நம் கரையில் கூடுதல் பொருள் உண்டு. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதம் அளவிலேயே அதைச் செய்துவிடும். பாக் நீரிணைப் பக்கமானாலும் மன்னார் வளைகுடாப் பக்கமானாலும், கரையோர இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவுகளுக்கு மேலே எளிதாகப் போய்விடுகிறது. அதாவது, உப்பேறிய பலகையை எத்தனை நாள் வெயிலில் போட்டாலும், பகலில் காய்ந்ததாகத் தோன்றும் பரப்பு அந்தி சாய்ந்ததும் மீண்டும் நீர்ப்படலம் போர்த்துக்கொள்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தேய்த்துச் சுத்தம் செய்த பரப்பின் மேல் சில மணி நேரத்திலேயே புது உப்பும் நுண்மணலும் படிந்துவிடும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் பூச்சையும் தேர்ந்தெடுக்க வைத்தது இதே காற்றுதான்.

நீரைப் பரப்பிலிருந்து விலக்கிவிட்டு ஒட்டும் திறமை, படகின் அடியில் ஓட்டோடு ஒட்டி வாழும் சிறு கடலுயிரியான கொட்டலசுக்கு உண்டு. அதன் இளநிலை உயிரி முதலில் எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு பொருளைச் சுரந்து, பரப்பிலுள்ள நீரைத் தள்ளிவிட்டு, அதன் பிறகே புரதப் பசையை இறக்குகிறது. படகின் அடியில் அதைச் சுரண்டி எடுப்பவர்களுக்கு அந்தப் பசையின் தரம் நன்றாகத் தெரியும். டப்பாவில் வரும் சாதாரணப் பசைகளுக்கு அந்தத் திறமை இல்லாததால், நீரையும் உப்பையும் விலக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும்; கடல்நீரால் கழுவிக் காயவைப்பது உப்பைச் சேர்ப்பதே ஆகும். குடிக்கவே குடங்கள் வரிசையில் நிற்கும் மாவட்டத்தில் படகு கழுவ நன்னீர் கேட்பது கொஞ்சம் கூச்சமான விஷயந்தான். ஆனாலும் பழுதுபார்க்கும் இடத்தை மட்டும் கழுவ இரண்டு மூன்று குடங்கள் போதும், அந்தத் தண்ணீர் விலையுயர்ந்த ரெசினைவிட அதிகப் பலன் தரும்.

வரிசையும் முக்கியம். முதலில் சோப்பும் நன்னீரும், பிறகு மெழுகும் எண்ணெயும் போக அசிட்டோன் அல்லது தின்னர், கடைசியில்தான் உப்புத்தாள். டீசல் படிந்த பரப்பை முதலில் தேய்த்தால், அந்த எண்ணெய் கீறல்களுக்குள் அழுந்திப் போகும். தேய்த்த பின் பரப்பில் கொஞ்சம் நன்னீரை ஊற்றிப் பார்க்கலாம்: நீர் உடையாத ஒரே படலமாக நின்றால் பரப்பு சுத்தம், முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது என்று பொருள். மரமானால் இன்னொரு சோதனையும் தேவை. ஒரு பிளாஸ்டிக் தாளைப் பலகையின் மேல் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால், உட்பக்கம் வியர்வை பூக்கிறதா என்பதைக் கொண்டு மரம் ஒட்டத் தகுந்த அளவு காய்ந்துவிட்டதா என்று அறியலாம்.

இனிப் பசைகள். இறுகும் வழியை வைத்துப் பார்த்தால், கடையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். நீரையோ கரைப்பானையோ இழந்து இறுகுபவை ஒரு வகை. தச்சர்களின் வெள்ளைப் பசையும் செருப்புத் தைப்பவர்களின் ரப்பர் பசையும் அதில் சேரும். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி இறுகுபவை மற்றொரு வகை. நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட், குழாயில் வரும் பாலியூரித்தேன், சிலிக்கோன் ஆகியவை இவ்வகை. இரண்டு பொருள்களைக் கலந்ததும் தமக்குள்ளேயே வினைபுரிந்து இறுகுபவை மூன்றாம் வகை. பாலியஸ்டரும் எபாக்சியும் அதில் அடங்கும். படகின் உடலுக்கு உண்மையான போட்டி இந்த மூன்றாம் வகைக்குள்தான் நடக்கிறது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டறைகளில் ‘ரெசின்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது பாலியஸ்டரையே குறிக்கும். அதன் எடையில் ஏறத்தாழ 35 முதல் 45 சதவீதம் ஸ்டைரீன். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அதனுடையதுதான். கோபால்ட் என்ற வேகமூட்டி கலந்த ரெசினில் எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) எனப்படும் கேட்டலிஸ்ட்டை 1 முதல் 2 சதவீதம் வரை சேர்த்தவுடன், அந்தக் கேட்டலிஸ்ட் உடைந்து தனியுறுப்புகளை, அதாவது எளிதில் வினைபுரியும் மூலக்கூறுத் துணுக்குகளை, உண்டாக்குகிறது. அவை ஸ்டைரீனையும் பாலியஸ்டர் சங்கிலிகளையும் சங்கிலி வினையாகப் பின்னிப் பிணைத்து வலையாக்குகின்றன. கேட்டலிஸ்ட் இங்கே வினையைத் தொடங்கிவைப்பது மட்டுமே என்பதால், வெயிலுக்கு ஏற்ப அதைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வேகத்தைக் கட்டுப்படுத்த முடிகிறது. மே மாத வெயிலில் ஒரு சதவீதமே போதுமானதாக இருக்கும். இந்த நெகிழ்வும் குறைந்த விலையும் வேகமும் சேர்ந்துதான் பாலியஸ்டரை நம் கரையின் முதல் தேர்வாக்கியிருக்கின்றன. அந்தத் தேர்வைக் குறைசொல்வதற்கில்லை, ஏனென்றால் புதிதாக ஒரு ஃபைபர் வள்ளத்தை அச்சில் வார்க்கும்போது ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கு முழுதும் இறுகும் முன்பே மேலே விழுகிறது. அடுக்குகள் வேதிப்பிணைப்பால் ஒன்றாகிவிடுகின்றன.

பழுதுபார்ப்பில் நிலைமை வேறு. பத்தாண்டு ஓடிய வள்ளத்தின் உடலில் வினைபுரியக் காத்திருக்கும் இடங்கள் மிகக் குறைவு. புதிய பாலியஸ்டர் அதன் மேல் பெரும்பாலும் கீறல்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, பாலியஸ்டர் இறுகும்போது பருமனில் ஏறத்தாழ 7 சதவீதம் வரை சுருங்குகிறது. எபாக்சியின் சுருக்கம் 2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். சுருங்கும் ஒட்டு தன் ஓரங்களைத் தானே இழுக்கிறது, அந்த இழுவிசை எல்லாம் பழைய உடலுக்கும் புதிய ஒட்டுக்கும் இடையிலுள்ள கோட்டில் சேர்கிறது. ஒட்டுப் போட்ட இடம் ‘கேக்’ போலத் துண்டாகக் கழன்று வந்ததாகச் சொல்லப்படும் புகார்களின் மூலம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

மரத்தின் மேல் பாலியஸ்டரின் நிலை இன்னும் பலவீனம். மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். பாலியஸ்டரோ விறைப்பானது, சுருங்கியும் இறுகியது. தேக்கு போன்ற மரங்களில் இயற்கையாக உள்ள எண்ணெயும் பீனால் வகைப் பொருள்களும் தனியுறுப்பு வினையைத் தடுத்து, மரத்தைத் தொடும் அடுக்கை மட்டும் அரைகுறையாக விட்டுவிடும். மேலே தட்டிப் பார்த்தால் கல்லாக இருக்கும். உள்ளே ஒட்டியே இருக்காது. ஆணி ஓட்டை வழியாக நீர் புகுந்து, பலகைக்கும் போர்வைக்கும் நடுவே தேங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பலகை உளுத்துப்போகும். பழைய ஓடாவிகள் (படகு கட்டும் தச்சர்கள்) ஃபைபர் போர்த்திய மரப்படகைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. பஞ்சையும் குங்கிலியத்தையும் திணித்து அடைத்த பலகை இடுக்கு கசியலாம், ஆனால் கசிவது கண்ணுக்குத் தெரியும்.

எபாக்சியின் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டன் 1930களில் உருவாக்கிய வேதியியலை, சீபா நிறுவனம் 1946இல் அரால்டைட் என்ற பெயரில் ஒட்டுப்பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எபாக்சி ரெசினின் முனைகளிலுள்ள வளையங்களை, ஹார்டனர் என்ற இரண்டாம் பாகத்திலுள்ள அமீன் சேர்மங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பிணைகின்றன. எதுவும் ஆவியாகி வெளியேறுவதில்லை, சுருக்கமும் குறைவு. வளையம் திறக்கும்போது உருவாகும் ஹைட்ராக்சில் தொகுதிகள் மரத்தின் செல்லுலோசோடும் கண்ணாடியின் பரப்போடும் உலோகத்தின் ஆக்சைடு படலத்தோடும் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்துகின்றன. அமீன் கொண்டு இறுகிய எபாக்சியின் முக்கியப் பிணைப்புகளில், நீரால் உடையக்கூடிய எஸ்டர் வகை இல்லாததால், நீர் அதைச் சிதைப்பது கடினம். பாலியஸ்டரின் முதுகெலும்பே எஸ்டர் பிணைப்பு. ஆண்டுக்கணக்கில் நீரில் கிடக்கும்போது அது மெல்ல நீராற்பகுப்பு அடைந்து (நீரால் உடைந்து), ஜெல்கோட் எனப்படும் வெளிப்பூச்சுக்கு அடியில் கொப்புளமாகத் தலைகாட்டுகிறது.

ஆனால் எபாக்சி கண்டிப்பான பொருள். இங்கே ஹார்டனர் வினையைத் தூண்டிவிட்டு ஒதுங்குவதில்லை, வலையின் ஓர் உறுப்பாகவே உள்ளே சேர்கிறது. எனவே அதைக் கூட்டினால் வேகமாக இறுகும் என்பது பாலியஸ்டரிலிருந்து வந்த தவறான பழக்கம். மிஞ்சிய ஹார்டனர் இணையில்லாமல் உள்ளேயே தங்கி, ஒட்டை ரப்பராக்கிவிடும். சில ரெசின்களுக்கு எடையில் 100க்கு 10, சிலவற்றுக்குப் பருமனில் சமபாகம் என்று விகிதம் மாறும் என்பதால், டப்பாவில் அச்சிட்ட அளவைத் தராசு வைத்துக் கடைப்பிடிக்க வேண்டும். கண்ணளவில் ஊற்றிக் கலக்கும் கைக்கு எபாக்சியைக் கொடுப்பதைவிடப் பாலியஸ்டரையே கொடுப்பது மேல் என்று துணிந்து சொல்வேன்.

வெப்பம் மற்றொரு சிக்கல். வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 25 டிகிரியில் அரை மணி நேரம் கிடைக்கும் கலவைக்கு, 35 டிகிரியில் கால் மணி நேரம்தான் கிடைக்கும். கலந்ததை ஆழமான மக்கில் அப்படியே வைத்தால், வினையின் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே பெருகி, புகைந்து, மக்கையே உருக்கிவிடும். அகலமான தட்டில் மெல்லியதாக ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வேலை செய்வதும், மெதுவாக இறுகும் ஹார்டனரைக் கேட்டு வாங்குவதும் இதற்கு மாற்று.

மூன்றாவது சிக்கல் நம் கரைக்கே உரியது. மாலையில் பூசிய எபாக்சியின் மேல் காலையில் மெழுகு போன்ற வழுவழுப்பான படலம் படிந்திருந்தால், பரப்புக்கு வந்த அமீன்கள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து கார்பமேட்டாக மாறிவிட்டன என்று பொருள். அதன் மேல் அடுத்த அடுக்கைப் போட்டால் இரண்டும் ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்தால் படலம் பரவுமே தவிரப் போகாது. தின்னரும் இதற்கு உதவாது. அந்தப் படலம் நீரில் கரையும் பொருள், எனவே நன்னீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவிக் காயவைத்த பிறகே தேய்க்க வேண்டும். முந்தைய அடுக்கு விரலுக்குப் பிசுக்காக இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பாலியஸ்டரின் மேற்பரப்பும் பிசுபிசுப்பாக நிற்பதுண்டு; அதற்குக் காரணம் ஈரம் அல்ல, காற்றின் ஆக்சிஜன் தனியுறுப்புகளை விழுங்கிவிடுவது. அடுத்த அடுக்கு போடுவதற்கு அந்தப் பிசுக்கு நல்லது. கடைசி அடுக்கில் மட்டும் மெழுகு கலந்த ரெசினைப் பூசினால் அந்த மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுத்துவிடும்.

எபாக்சிக்கு மாற முடிவு செய்பவர்கள் கூடவே மாற்ற வேண்டிய இன்னொன்று ஃபைபர் மேட். வெட்டிய இழைகளைப் பரப்பிச் செய்த சாதாரண மேட்டில், இழைகளைப் பிடித்துவைக்கும் பொடியோ பால்மமோ ஸ்டைரீனில் கரையும்படி தயாரிக்கப்பட்டது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் அந்த மேட் விறைத்தே நிற்கும், மூலைகளில் படியாது, ரெசினை அளவுக்கு மேல் குடிக்கும். எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணியே ஏற்றது. இதைச் சொல்லாமல் எபாக்சியை மட்டும் விற்கும் கடைகளால், ‘எபாக்சி ஃபைபருக்குப் பிடிக்காது’ என்ற வதந்தி பரவக்கூடும். ஜெல்கோட்டுக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: எபாக்சி ஒட்டின் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகாமல் போகலாம், அதனால் அங்கே பெயின்ட்டே பொருத்தம். எப்படியும் எபாக்சி வெயிலின் புற ஊதாக் கதிரில் சுண்ணாம்பாகப் பொடிந்துவிடும் என்பதால் பெயின்ட் கட்டாயம். அதுவும் வெளிர் நிறம் நல்லது. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரி அளவில் மென்மையடையத் தொடங்கும், உச்சி வெயிலில் கரும்பரப்பு அந்தச் சூட்டை எட்டிவிடும்.

எந்த ரெசினானாலும், ஒட்டின் வடிவம் சரியில்லையென்றால் பசை ஒன்றும் செய்ய முடியாது. ஒட்டிய இணைப்பு, இரு பரப்பும் எதிரெதிர்த் திசையில் சறுக்க முயலும் விசையை நன்றாகத் தாங்கும். ஓரத்தைப் பிடித்து உரிக்கும் விசைக்கு எளிதில் தோற்கும், ஏனெனில் அங்கே முழு விசையும் ஒரே கோட்டில் குவிகிறது. விரிசலின் மேல் சதுரமாக ஒரு துண்டை ஒட்டினால், மணலில் இழுக்கும்போது அதன் மூலை முதலில் எழும்பும். மாறாக, விரிசலின் இருபுறமும் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, சிறியதிலிருந்து பெரியதாகத் துண்டுகளை அடுக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடலுக்கு ஒவ்வொரு புறமும் 60 மில்லிமீட்டர் சரிவு தேவை. மூலைகளை வட்டமாக வெட்டுவதற்குச் செலவே இல்லை. பிளைவுட்டை நீட்டி ஒட்டும்போது சரிவு 8 மடங்கு என்பது வழக்கம்.

பிளைவுட் என்றதும், ஐ.எஸ். 710 (இந்தியத் தரநிலை) முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டின் அடுக்குகளை ஒட்டியிருப்பது பீனால்-ஃபார்மால்டிஹைடு ரெசின் என்பதையும், அது 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பதே தரவரையறை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதை அறைகலன் பசையால் ஒட்டி இணைப்பது பொருந்தாத வேலை. வெள்ளைப் பசை நீரில் மிதக்கும் நுண்துகள்களால் ஆனது; நீரை மரம் உறிஞ்சியதும் துகள்கள் நெருங்கி ஒன்றாகிப் படலமாகின்றன. திரும்ப நீர் வந்தால் படலம் மெத்தென்றாகிறது, சுமையின் கீழ் மெல்ல நகரவும் செய்கிறது. நீர் தாங்கும் வகை என்று விற்கப்படும் ரகங்கள் கேபினின் உட்புற அலமாரிக்குச் சரி. தொடர்ந்து நீரில் கிடக்கும் ஏராவுக்கும் (படகின் அடிக்கட்டைக்கும்) அடிப்பலகைக்கும் அவை உரியவை அல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால மஸ்கிட்டோ விமானங்களின் மர உடலைத் தொடக்கத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசையால் ஒட்டியவர்கள், வெப்பமண்டல ஈரத்தில் அது நிற்காது என்று கண்டு யூரியா-ஃபார்மால்டிஹைடுக்கு மாறினார்கள்.

காற்றின் ஈரத்தால் இறுகும் பசைகளுக்கு நம் கரை சாதகமான இடம்போலத் தோன்றும், பாதி உண்மை. பாலியூரித்தேனிலுள்ள ஐசோசயனேட், நீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விட்டு இறுகுகிறது. ஈரம் உள்ளே ஊடுருவ வேண்டியிருப்பதால், தடித்த பட்டையாக இட்டால் ஒரு நாளைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழமே இறுகும். அதன் பெருமை நெகிழ்ச்சி: எஞ்சின் அதிர்விலும் அலையடியிலும் அசையும் இணைப்புகளுக்கு, அதாவது மேல்தளமும் உடலும் சேரும் கோடு, போல்ட் துளைகள், கண்ணாடிச் சட்டங்கள் ஆகியவற்றுக்கு, விறைப்பான எபாக்சியைவிட இதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. உடலின் விரிசலுக்கு இது தீர்வாகாது. இதைப் பூசும் முன் பரப்பை ஆல்கஹாலால் துடைக்கக் கூடாது. ஆல்கஹால் ஐசோசயனேட்டோடு தானே வினைபுரிந்து பசையை இறுகவிடாமல் செய்துவிடும். திறந்த குழாய் அடுத்த பருவம் வரை நிற்காது என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிலிக்கோனை மட்டும் படகின் பக்கமே கொண்டுவராமல் இருப்பது நல்லது. அது ஒட்டுவதைவிட, அது இருந்த இடத்தில் பின்னால் எந்தப் பெயின்ட்டும் ரெசினும் ஒட்டாமல் செய்வதில்தான் கெட்டி.

நொடிப்பசையான சயனோஅக்ரிலேட், 1942இல் ஈஸ்ட்மன் கோடக்கில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிக்கண்ணாடிக்கான பிளாஸ்டிக்கைத் தேடியபோது, எதைத் தொட்டாலும் ஒட்டுகிறது என்று ஒதுக்கப்பட்டு, 1958இல் விற்பனைக்கு வந்தது. பரப்பின் மெல்லிய ஈரமும் காரத்தன்மையும் அதை இறுகச் செய்கின்றன. சுண்ணாம்பாலான சங்கு, சிப்பிப் பொருள்களுக்கு அது இவ்வளவு வேகமாகப் பிடிப்பது அதனால்தான். மெல்லிய படலமாக மட்டுமே அது நன்கு இறுகும். இடைவெளியை நிரப்பாது, உடையும் தன்மையுள்ளது, நீரில் நாளடைவில் பலமிழக்கும். பருத்தித் துணியில் சிந்தினால் சுடும் அளவுக்குச் சூடேறும் என்பதால் கைலியில் துடைத்துவிட வேண்டாம். ரப்பர் பசையின் இடம் ரப்பர் தகடுகளும் ரெக்சினும். அதன் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்து காற்றின் ஈரத்தை அதன் மேலேயே படியவைப்பதால், நம் ஊரில் அதை முற்பகலில் மட்டும் பூசுவது நல்லது.

தெர்மோகோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டிக்கும் மிதப்பு அறைக்கும் தெர்மோகோல் வைத்து, அதன் மேல் நேரடியாகப் பாலியஸ்டரை ஊற்றினால், ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ரப்பர் பசையின் டொலுவினும் அப்படியே. எபாக்சி அதைத் தொடாது. மற்ற வேலைகளில் விலையைக் காட்டித் தயங்குபவர்களும் இந்த ஓர் அடுக்குக்காவது எபாக்சியை வாங்கித்தான் ஆக வேண்டும், அல்லது கரையாத பாலியூரித்தேன் நுரைக்கு மாற வேண்டும்.

ஆக, என் தேர்வு படகைப் பொறுத்தது. முழு ஃபைபர் வள்ளத்தில், நீர்மட்டத்துக்கு மேலே, பெரிய பரப்பில் தேய்மானம் என்றால், நன்றாகத் தேய்த்துச் சரிவு வைத்துப் பாலியஸ்டரே போதும்; கூடுதல் செலவு வீண். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள விரிசலுக்கும் உடைப்புக்கும் நெய்த துணியோடு எபாக்சி. மரப்படகின் மேல் ஃபைபர் போர்த்துவதாக இருந்தால் எபாக்சி அல்லது போர்த்தாமலே விடுவது. மரம் காயாத நிலையில் இரண்டாவதே சரி. தடைக்காலம் முடியப் பத்து நாள் இருக்கும்போது கரையேற்றிய மரப்படகுக்கு எந்த விலையுள்ள பசையும் உதவாது, அதற்குப் பஞ்சும் புட்டியுமாக இந்த ஆண்டை ஓட்டிவிட்டு, அடுத்த ஏப்ரலில் முதல் வாரமே பலகையைக் கழுவிக் காயப்போடுவது புத்திசாலித்தனம். கடலில் இருக்கும்போது திடீரெனக் கசிந்தால், பிசைந்து அப்பும் எம்-சீல் போன்ற எபாக்சி புட்டி கரை வரும் வரை காக்கும்; அதையே நிரந்தரமாக்கி மேலே பெயின்ட் அடித்துவிடுவதுதான் தவறு.

எந்தப் பசையானாலும் வேலையை எப்போது தொடங்குவது என்பதில் கவனம் வேண்டும். காலைப் பனி காய்ந்த பிறகு, நிழல் கட்டி, வெப்பம் ஏறுமுகமாக இருக்கும் முற்பகலில் மரத்தில் எபாக்சியைப் பூசினால், மரத்தினுள் உள்ள காற்று விரிந்து பசையில் குமிழியாகக் கிளம்பும். எனவே மரத்துக்கு முதல் பூச்சை வெப்பம் இறங்கத் தொடங்கும் பிற்பகலில் போடுவதும், ஈரம் ஏறும் அந்திக்கு முன்பு அது மேற்பரப்பில் இறுகிவிடும்படி பார்த்துக்கொள்வதும் சரியான ஏற்பாடு. பாலியஸ்டர் வேலையில் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

இறுகியதா என்பதைப் படகிடம் கேட்காமல், மீதிக் கலவையிடம் கேட்கலாம். ஒவ்வொரு முறை கலந்ததிலும் ஒரு கரண்டி எடுத்து, அட்டையில் ஊற்றி, நேரத்தை எழுதி, படகின் நிழலிலேயே வைத்துவிட வேண்டும். மறுநாள் அது நகத்துக்கு அசையாமல் இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். எபாக்சியின் முழு வலிமை வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், அதற்குமுன் நீரில் இறக்கக் கூடாது. அட்டையிலுள்ளது மறுநாளும் ரப்பராகவே இருந்தால் இரண்டு பசைகளுக்கும் தீர்வு வேறு வேறு. பாலியஸ்டரில் கேட்டலிஸ்ட் சற்றுக் குறைந்திருந்தால், வெயிலில் சூடுபட்டு அது தாமதமாகவேனும் இறுக வாய்ப்புண்டு. எபாக்சியில் விகிதம் தவறியிருந்தால் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் இறுகாது. முழுவதையும் சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, தராசைச் சரிபார்த்துவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.